தறப்பாளைக் குடுத்துத் தகரம் வாங்கின கதை

சின்னண்ணை கனடா ஸ்காபரோவிலை காம்பிங் போய்ப் படுக்கிற ரெயிலர் மாத்தினதுக்கு இஞ்சை யாழ்ப்பாணம் கோண்டாவிலிலை ஒரு கிழமையாக் காலைச் சாப்பாடு பாணும் சம்பலும்தான். எங்களுக்கு விடிய ஆறரை எண்டால் அவருக்கு முதல்நாள் இரவு ஒன்பது. அந்த நேரத்துக்கு வட்ஸ்அப் அடிச்சுதெண்டால் அடுப்புக்குக் கிட்ட ஒருதரும் போகமாட்டினம்.

பழசு மடிக்கிற ரெயிலர். கைபிடியைச் சுத்தக் கூரை எழும்பும், இரண்டு தொங்கலிலும் கட்டில் வெளியிலை இழுபடும், சுத்திவரத் துணி. பாரம் குறைவு. பழைய சியென்னா வானே இழுத்துக்கொண்டு போகும். பொடியள் இரண்டும் சின்னனாய் இருக்கேக்கை காணும். இப்ப அவங்கள் தேப்பனை விட உயரம். துணிக்குச் சனி மழை. ஈரத்தோடை மடிச்சுக்கொண்டு வந்தால் ஒண்டிரண்டு நாளுக்குள்ளை வீட்டு வாசலிலை திருப்பி விரிச்சுக் காயவிட வேணும். இல்லாட்டிப் பூஞ்சணம் பிடிச்ச கறுப்பு லேசிலை போகாது. அண்ணி காம்பிங் போனதை விட ரெயிலர் காயப்போட்டதுதான் கூட.

இது வாயாலை சொல்லுற காரணம். மெய்க்காரணம் அம்மாவின்ரை முழங்கால். வாற யூலையிலை அம்மா போறாவாம். அந்தக் கட்டில் அவவின்ரை நெஞ்சு உயரம், உள்ளுக்கை கக்கூசும் இல்லை. அம்மா இன்னும் "வாறன்" எண்டு சொல்லேல்லை, அது வேறை கதை.

முதல் சண்டை காசிலை. பழசைக் கடைக்காரனிட்டைக் குடுத்து மாத்தினால் 4,000 டொலர் கழிப்பான். வெளியிலை வித்தால் கூட வரும் எண்டு அண்ணை நிண்டார். அத்தான் வங்கியிலை இருந்த மனுசன், விடுவாரே? புதுசு 24,000. கடையிலை மாத்தினால் ஒன்ராறியோவிலை 13 வீத வரி மிச்சம் 20,000க்குத்தான், 2,600 டொலர். பழசைத் தனிய வித்துப்போட்டு வாங்கினால் வரி முழு விலைக்கும், 3,120. ஆகவே வெளியாள் 4,520க்கு மேலை தந்தால்தான் லாபம். அதுக்குப் படம் எடுத்துப் போட்டு, வந்து பாக்கிறவைக்கெல்லாம் கூரையைச் சுத்திச் சுத்திக் காட்டுற கூலி அத்தானின்ரை கணக்கிலை இல்லை. கடைசியிலை கடைக்காரன்தான்.

ரெயிலர் மாறமுதல் வாகனம் மாறிச்சுது. சியென்னாவின்ரை இழுவை 3,500 இறாத்தல், புதுசு சாமான் ஏத்தினால் 4,000 வரும். அதாலை பெற்றோல் வி6 ஹைலாண்டர், 5,000 இழுக்கும். இழுவையை மட்டும் பாத்து வாங்கிறதுதான் கனபேர் விடுற பிழை. சாரதிக் கதவுத் தூணிலை ஒட்டியிருக்கிற தாளிலை வாகனம் சுமக்கக்கூடிய பாரம் இருக்கு, அதைப் பாக்கவேணும். அண்ணையின்ரையிலை 1,340. ரெயிலர் மூக்கு கொழுக்கியிலை அழுத்துறது 480, ஆக்கள் அஞ்சு பேருக்கும் 800, மிச்சம் 60 இறாத்தல். அம்மாவின்ரை பொதி 30 கிலோ, அதாவது 66. ஆறு இறாத்தல் கூடிப்போச்செண்டு அத்தான் வேர்த்து விறுவிறுத்துப்போனார்.

"அப்ப பொதியை ரெயிலருக்கை பின்னுக்கு எறியுங்கோவன்" எண்டு அக்கா சொன்னதுதான் தாமதம், மதிலுக்கு மேலாலை லாண்ட்மாஸ்ரர் உழவு மெசின் திருத்துற அண்ணை தலையை நீட்டினார். பெட்டியிலை பின்பாரம் ஏத்தினால் முன்னுக்குக் கைபிடி எழும்பும், பிறகு வண்டி சொல்வழி கேளாது எண்டார். கனடாவிலையும் அதே சங்கதிதான். மொத்தப் பாரத்திலை பத்திலை இருந்து பதினைஞ்சு வீதம் மூக்கிலை நிக்கவேணும். குறைஞ்சால் பெருந்தெருவிலை ரெயிலர் வாலாட்டத் தொடங்கும், வாகனத்தையும் சேத்து ஆட்டும்.

பிறகு அவர்தான் தலைமை. கொழுக்கியிலை ரெயிலரை மாட்டுற குண்டின்ரை அளவைக் கேட்டார். பழசுக்கு ஒண்டே முக்கால் அரைக்கால் அங்குலம், புதுசுக்கு இரண்டு. பழைய குண்டிலை புதுசைப் பூட்டினால் பூட்டுப்பட்ட மாதிரியே நிக்கும், பள்ளத்திலை ஒருக்காத் தூக்கிப்போட்டால் கழண்டிடும். வயர்ச் செருகியும் மாறவேணும். பழசுக்கு நாலு கம்பி காணும், புதுசுக்கு ஏழு. 1,360 கிலோவுக்கு மேலை எண்டால் அங்கை ரெயிலருக்குத் தனி பிறேக் சட்டம், அதுக்கு மின்சாரம் போகவேணும். ரயரிலை கடைசி நாலு இலக்கத்தைக் காட்டச் சொன்னார். 3217 எண்டிருந்தால் 2017ஆம் ஆண்டு 32ஆவது கிழமை செய்தது. பூ தேயாமல் இருந்தாலும் ஆறு வருசம் தாண்டின ரயரை நம்பக்கூடாது. எங்கடை அண்ணை கமராவைத் தலைகீழாப் பிடிச்சதிலை அதை வாசிக்கவே அரை மணித்தியாலம்.

அம்மாவுக்கு ஒரே கேள்வி, வாசல் எந்தத் திசை? இழுபட்டுத் திரியிற சாமானுக்கு என்ன திசையெண்டு அத்தான் சிரிச்சார். அங்கத்தை ரெயிலருக்குக் கதவு வலப்பக்கம். அவை காம்பிங் போகப்போற அல்கொன்குவின் காடு ரொறன்ரோவுக்கு வடக்கு. "அப்ப போகேக்கை கிழக்கு வாசல், நல்லது. வரேக்கை பாப்பம்" எண்டு அம்மா முடிச்சுப்போட்டா.

கடைக்காரன் இரண்டாயிரம் குறைச்சு இன்னொண்டு காட்டினான். உடம்பு தகரம், கட்டில் தொங்கல் மட்டும் துணி. அண்ணைக்கு ஆசை பிடிச்சிட்டுது. அம்மா தேங்காய் துருவினதை நிப்பாட்டிப்போட்டு வந்தா. "95இலை இடம்பெயர்ந்து நாவற்குழிப் பாலம் தாண்டி, பிறகு வன்னியிலை தறப்பாளுக்கை உன்னை நுளம்பு கடியாமல் விசுக்கிக்கொண்டு இருந்தது காணாதே? காசு குடுத்தும் அதுக்கையோ படுக்கப்போறாய்?"

அண்ணை முதல் பாத்த முழுத்தகரத்துக்கே கையெழுத்து வைச்சார். உள்ளுக்கை கக்கூசு, முழங்கால் உயரக் கட்டில், 30 அம்ப் மின்சாரம். சில்லு நட்டுகளை முதல் 80 கிலோமீற்றரிலை திருப்பி இறுக்கச் சொல்லி லாண்ட்மாஸ்ரர் அண்ணை மூண்டுதரம் சொல்லிப்போட்டார். காம்பிங் இடத்துக்குப் பதிவு அஞ்சு மாதத்துக்கு முதல், அவங்கடை காலமை ஏழு மணிக்குத் திறக்கும். யூலைக்கெண்டால் மாசி மாதம், எங்களுக்குப் பின்னேரம் அஞ்சரை. ஆர் போனோடை குந்தியிருக்கிறதெண்டு இப்பவே இஞ்சை சண்டை.

அம்மா விசாவைப்பற்றி ஒரு கதையுமில்லை. நேற்று மட்டும் மதிலடிக்குப் போய், புட்டுப்பானை கொண்டுபோகலாமோ எண்டு கேட்டா.

"கொண்டுபோங்கோ அம்மா, பின்னுக்கு மட்டும் வையாதேங்கோ."