கோலிக்குண்டின் தழும்பு
பழைய கண்ணாடிக் கோலிக்குண்டு ஒன்று கைக்கு வந்தால் நான் முதலில் பார்ப்பது நிறத்தை அல்ல, அதன் இரு முனைகளைத்தான். சூடான கண்ணாடித் தண்டிலிருந்து கத்தரித்து எடுத்து, கையால் உருட்டிச் செய்த குண்டில் வெட்டிய இடம் சொரசொரப்பான சிறு தழும்பாக நின்றுவிடும். ஜெர்மனியின் லவ்ஷாவில் 19ஆம் நூற்றாண்டில் செய்யப்பட்டவை இவ்வகையைச் சேர்ந்தவை. நேற்றிரவு உருப்பெருக்கியின் அடியில் வைத்த குண்டில், வெள்ளை இழைகள் நடுவே முறுக்கிக்கொண்டு போய்ச் சரியாக அந்தத் தழும்பில் முடிந்ததைக் கண்டபோது, அதைக் கீழே வைக்கவே மனம் வரவில்லை. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்காவின் ஆக்ரன் நகரில் இயந்திரத்தில் செய்யத் தொடங்கிய குண்டுகளில் இத்தழும்பு இருப்பதில்லை. கீறல் விழுந்திருக்கிறதே என்று பழைய குண்டுக்கு மெருகேற்றிவிடாதீர்கள்; தழும்பு தேய்ந்தால் அதன் வயதைச் சொல்லும் சான்றும் உடன் போய்விடும்.