கிணத்துக்காரரை ஆருக்குத் தெரியும்?

பெயரைப் போடாமல் எழுதுவதென்றால் எழுதும் என்று சொல்லித்தான் எங்கள் விரிவுரையாளர் சேர் சம்மதித்தார். "செத்த வீட்டுக் கல்வெட்டு மாதிரி எழுதிப்போடாதையும். நான் இன்னும் இருக்கிறன்" என்றும் சொன்னார். ஆகவே இந்தக் கட்டுரை முழுக்க அவர் வெறும் சேர்தான். எங்கள் காலத்து விஞ்ஞான பீடத்துக்காரர் இரண்டு பந்தி வாசித்ததுமே ஆளைப் பிடித்துவிடுவார்கள். அதற்கு நான் பொறுப்பில்லை.

எங்கள் பழைய மாணவர் சங்கத்தின் மலர்க் குழு கேட்டது யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் எங்களை வழிநடத்தியவர்களைப் பற்றி. சங்கம் இங்கே லண்டனில் இருக்கும் எங்களையும் அங்கே இப்போது படிக்கும் பிள்ளைகளையும் சோடி சேர்த்து சூமில் கதைக்க வைக்கும் திட்டம் ஒன்றைத் தொடங்கியிருக்கிறது. அதற்குத் தோதாக ஒரு கட்டுரை வேண்டுமாம். தலைமைத்துவம், இலக்கு, ஆளுமை என்று சுற்றறிக்கையில் நிறையச் சொற்கள் இருந்தன. சேர் அந்தச் சொற்களில் ஒன்றைக்கூட எங்களிடம் பாவித்ததாக எனக்கு ஞாபகம் இல்லை.

நான் வளாகத்துக்குள் போனது 1993 இல். போர்க் காலம். யாழ்ப்பாணக் குடாநாட்டில் மின்சாரம் நின்று மூன்று வருடம். மண்ணெண்ணெய், பற்றறி, சவர்க்காரம் எல்லாவற்றுக்கும் தடை அல்லது தட்டுப்பாடு. ஜாம் போத்தலுக்குள் பஞ்சை வைத்து, அது நனையுமளவுக்கு மட்டும் எண்ணெய் விட்டுக் கொளுத்தும் விளக்கில்தான் நுண்கணிதம் படித்தோம். கொழும்புக்குப் போவதென்றால் கிளாலிக் கடல்நீரேரியை இரவில் வள்ளத்தில் கடக்க வேண்டும். பலர் அப்படிக் கடந்து போனார்கள், விரிவுரையாளர்களும்தான். போனவர்களைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை. இந்த மலரையே கடல் கடந்து இருந்துதான் வெளியிடுகிறோம்.

ஆனால் இருந்தவர்கள் இருந்தார்கள். எங்கள் துணைவேந்தர் பேராசிரியர் அ. துரைராசா சைக்கிளில் வருவார். மண் பொறிமுறை படித்தவர்களுக்கு அந்தப் பெயர் தெரிந்திருக்கும். கேம்பிரிட்ஜில் ரொஸ்கோ, ஸ்கோஃபீல்ட் இருவரோடும் சேர்ந்து அவர் 1963 இல் வெளியிட்ட ஆய்வுக் கட்டுரையை, களிமண்ணின் நடத்தையைப் படிக்கிற பொறியியலாளர் இன்றைக்கும் எடுத்துப் பார்க்கிறார்கள். உலகத்தில் எந்த நாட்டிலும் கதிரை கிடைக்கக்கூடிய மனிதர், தடைக் காலத்தில் துணைவேந்தராக இருந்து 1994 இல் காலமானார். அவருக்கு முன்னால், மருத்துவ பீடத்தில் உடற்கூற்றியல் துறையின் தலைவராக இருந்த ரஜனி திராணகம 1989 செப்டெம்பர் 21 அன்று, வளாகத்திலிருந்து சைக்கிளில் வீடு திரும்பும் வழியில் திருநெல்வேலியில் சுட்டுக் கொல்லப்பட்டார். எங்களுக்கு மூத்த மருத்துவ பீட அக்காமார் அவரைப் பற்றிக் கதைக்கும்போது குரலைத் தாழ்த்துவார்கள். அந்தக் காலத்தில் வளாகத்தில் படிப்பிப்பது எப்படிப்பட்ட தொழில் என்பதை விளங்கப்படுத்தத்தான் இதை எழுதுகிறேன்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். இப்போது எல்லாரும் மாணவருக்கு வாழ்க்கை நோக்கம் வேண்டும் என்கிறார்கள். எங்களுக்கு அதில் பஞ்சமே இருக்கவில்லை. ஊர் முழுக்க இளம் பிள்ளைகளுக்கு நோக்கம் சொல்லித்தர ஆட்கள் இருந்தார்கள். மேடை, சுவரொட்டி, ஒலிபெருக்கி எல்லாம் இருந்தன. வீட்டுக்குள் அம்மாமாருக்கு வேறு நோக்கம்: பிள்ளையை எப்படியாவது கனடாவுக்கு அனுப்புவது. இத்தனைக்கும் நடுவில் ஒரு விரிவுரையாளர் மாணவரிடம் "நீர் என்னவாக வரப்போறீர்?" என்று கேட்காமலே இருந்தது எவ்வளவு பெரிய ஆறுதல் என்பது, அங்கே இருந்தவர்களுக்குத்தான் தெரியும்.

சேர் கேட்பது வேறு மாதிரி. "உமக்குக் கணக்கு எழுதத் தெரியுமோ?" "உம்மட சைக்கிளுக்குக் கரியர் இருக்கோ?" தெரியும், இருக்கு என்று சொன்னால் அன்றைக்கே ஒரு வேலை உங்கள் தலையில் விழும். என் தலையில் விழுந்தது, சாதாரண தரப் பரீட்சை எழுதும் பிள்ளைகளுக்கு மாணவர்கள் நடத்திய இலவச வகுப்பின் கணக்குக் கொப்பி. வெண்கட்டி, றோணியோத் தாள், ஸ்ரென்சில் மை. தாள் பொன் மாதிரி இருந்த காலம் என்பதால் ஒவ்வொரு ஒற்றைக்கும் கணக்கு. மாத முடிவில் அதைப் பார்த்துக் கையெழுத்து வைப்பார். ஒரு நாளும் பாராட்டியதில்லை. பிழை இருந்தால் அந்த வரிக்குப் பக்கத்தில் பென்சிலால் ஒரு புள்ளி மட்டும் வைப்பார், என்ன பிழை என்று சொல்லமாட்டார்.

கூட்டங்களுக்கு வந்தால் பின் வாங்கில் இருப்பார். எங்கள் அணியில் நல்ல பேச்சாளன் ஒருவன் இருந்தான். இப்போது வேறொரு நாட்டில் பெரிய பதவியில் இருக்கிறான், மலரை வாசிப்பான், கோபிக்கமாட்டான். ஒரு கூட்டம் முழுக்க அவனே கதைத்து முடித்தான். எல்லாரும் கைதட்டினோம். வெளியே சைக்கிள் எடுக்கும் இடத்தில் சேர் அவனிடம் மெதுவாகக் கேட்டார்: "தம்பி, நல்லாக் கதைச்சீர். மற்ற இருபது பேரையும் ஏன் கூப்பிட்டனீர்?" அதை எங்கள் முன்னால் கேட்டிருந்தால் அவன் அன்றோடு விட்டிருப்பான். நான் பக்கத்தில் பூட்டைத் திறந்துகொண்டு நின்றதால்தான் எனக்குத் தெரியும்.

இதெல்லாம் சின்ன விசயங்கள். அவர் செய்துகொண்டிருந்தது என்னவென்று எங்களுக்கு விளங்கியது இடப்பெயர்வில்தான்.

1995 ஒக்ரோபர் 30. இராணுவம் நெருங்கி வர, யாழ் நகரை அடுத்த வலிகாமம் முழுவதும் ஒரே இரவில் வெளிக்கிட்ட நாள். மழை. செம்மணி வெளியிலும் நாவற்குழிப் பாலத்திலும் நின்ற சனத்தைப் பற்றி எங்கள் மலர்களில் ஏற்கெனவே பலர் எழுதியிருக்கிறார்கள், நான் அதற்குள் போகவில்லை. இலட்சக் கணக்கானவர்கள் குடாநாட்டின் கிழக்குப் பக்கம் தென்மராட்சிக்குள் வந்து சேர்ந்தோம். பாடசாலைகள், கோயில்கள், மரநிழல் எல்லாம் நிரம்பிவிட்டன. நாங்கள் சாவகச்சேரிப் பக்கம் ஒரு பாடசாலையில் ஒதுங்கினோம். சில நாளில் சேர் எங்களைத் தேடிப் பிடித்துக்கொண்டு வந்துவிட்டார். அவருடைய குடும்பமே அப்போது ஆரோ ஒருவருடைய மாட்டுக் கொட்டிலுக்குப் பக்கத்தில் இருந்தது.

வந்ததும் ஆறுதல் சொல்லவில்லை. எங்கள் ஏழெட்டுப் பேரை இருத்தி வைத்துக் கேட்ட முதற்கேள்வி: "இந்த ஊர்க் கிணத்துக்காரரை ஆருக்குத் தெரியும்?"

மாரி என்பதால் கிணறுகளில் தண்ணீருக்குக் குறைவில்லை. பயம் வேறு. நூற்றுக்கணக்கானவர் தங்கள் தங்கள் வாளியையும் கயிற்றையும் விட்டு அள்ளினால், மலசலகூட வசதியும் இல்லாத இடத்தில், வயிற்றோட்டம் ஒரு குடும்பத்தோடு நிற்காது. கிணற்றுக்குச் சொந்தக்காரருக்கும் அதே பயம். படலையைப் பூட்டுவதா திறப்பதா என்று தெரியாமல் அந்தச் சனம் தவித்தது. அவர்களையும் பிழை சொல்ல முடியாது.

எங்களில் ஒரு பெடியன் கையை அரைவாசிக்கு உயர்த்தினான். அவனுடைய அம்மாவின் ஊர் அது. அவனை நாங்கள் கணக்கிலேயே எடுத்ததில்லை. விரிவுரையில் பெயர் கூப்பிட்டால்கூட மெல்லத்தான் பதில் சொல்வான். சேர் பேச்சாளனைப் பார்க்கவில்லை, இவனைப் பார்த்தார். "சரி, நீர்தான் பொறுப்பு. மற்றவை உம்மட சொல்லைக் கேட்பினம்." அவ்வளவுதான் நியமனக் கடிதம்.

அவன் வீடு வீடாகப் போனான். சித்தப்பா, மாமி, பெரியாச்சி என்று முறை சொல்லிக்கொண்டு போனவனுக்கு ஆரும் படலையைப் பூட்டவில்லை. குடிக்கிற கிணறு, குளிக்கிற கிணறு என்று பிரித்தான். குடிக்கிற கிணற்றுக்கு ஒரேயொரு வாளி, ஒரேயொரு கயிறு. வேறு எதுவும் உள்ளே இறங்கக்கூடாது. அள்ளி ஊற்ற எங்களில் இருவர் முறை வைத்து நிற்க வேண்டும். பொதுச் சுகாதாரப் பரிசோதகரைப் பிடித்துக் குளோரின் போடுவித்ததும் அவன்தான். பேச்சாளன் அவனுக்குக் கீழே வாளி பிடித்தான், நன்றாகவே பிடித்தான். அவன் சனத்தைச் சிரிக்க வைத்துக்கொண்டு நின்றதால் வரிசையில் சண்டை வரவில்லை.

எனக்குக் கொப்பிதான். நிவாரணத்துக்கு விதானையாரிடம், அதாவது கிராம அலுவலரிடம், கொடுக்கக் குடும்ப விபரம் எழுத வேண்டும்: குடும்பத் தலைவர், சொந்த இடம், எத்தனை பேர், கைக்குழந்தை உண்டா. நான் கோடு கீறிக்கொண்டிருந்தபோது சேர் எட்டிப் பார்த்துவிட்டு, "படிக்கிற பிள்ளையள், எத்தினையாம் வகுப்பு எண்டும் ஒரு நிரல் போடும்" என்றார். அரிசி மா கொடுக்கிறவருக்கு அந்த விபரம் எதற்கு என்று கேட்டேன். "விதானையாருக்கு இல்லை, உங்களுக்கு" என்றார். இரண்டு மூன்று நாள் எழுதிய பிறகு அந்த நிரலைக் கூட்டிப் பார்த்தால், எங்கள் ஒரு பாடசாலைக்குள்ளேயே சாதாரண தரத்துக்கு இருக்கவேண்டிய பிள்ளைகள் ஒரு வகுப்புக்குக் காணும். வகுப்பைத் தொடங்குங்கள் என்று அவர் சொல்லவே இல்லை. நாங்களே போய், தொடங்கட்டுமா என்று கேட்டோம். "என்னை ஏன் கேக்கிறியள்?" என்றார்.

அடுத்த வருடம் வலிகாமத்துக்குத் திரும்பினோம், வளாகம் மறுபடி இயங்கியது, படித்து முடித்தோம். அந்தக் காலம் பற்றி எழுத நிறைய இருந்தாலும் இந்தக் கட்டுரைக்குள் அடங்காது. பிறகு சேர் மாணவ ஆலோசகராகவும் இருந்தார். பகிடிவதைக்கு எதிரான சட்டம் வந்தது 1998 இல்தான். அதற்கு முதலே அவர், புதுமுக மாணவருக்குத் தங்குவதற்குப் போடிங் தேடிக் கொடுக்கும் வேலையை மூத்த மாணவரிடமே ஒப்படைத்துப் பார்த்தார். மட்டக்களப்பிலும் மலையகத்திலும் இருந்து வந்த பிள்ளைகளுக்கு அது பெரிய உதவி. பகிடிவதை நின்றதா என்றால், நிற்கவில்லை. சிலர் இரண்டையும் செய்தார்கள். சேரைப் பிடிக்காத மாணவத் தலைவர்களும் இருந்தார்கள், மேடையில் ஏறி எங்களோடு நிற்கவில்லை என்ற கோபம் அவர்களுக்கு. எனக்கும் அப்போது அந்தக் கோபம் கொஞ்சம் இருந்தது. இப்போது இல்லை. அவர் மேடையில் ஏறியிருந்தால் நாங்கள் கீழே நின்று கைதட்டியிருப்போம், அவ்வளவுதான்.

சரி, சங்கத்தின் திட்டத்துக்கு வருவோம். 1974 இல் பழைய பரமேஸ்வராக் கல்லூரிக் கட்டடங்களில் தொடங்கிய வளாகம் 50 ஆண்டைத் தாண்டிவிட்டது. கிளிநொச்சி அறிவியல் நகரில் பொறியியல் பீடமும் வந்துவிட்டது. எனக்குச் சோடி சேர்த்த பிள்ளை அங்கேதான் படிக்கிறாள். லண்டனில் இருக்கும் நாங்கள் சனிக்கிழமை காலையில் தேநீரோடு இருக்க, அங்கே பின்நேரமாகிவிடும். முதல் சில கூட்டங்களைப் பார்த்தபோது எனக்குச் சிரிப்பும் எரிச்சலும் வந்தன. எங்கள் ஆட்கள் தங்கள் வெற்றிக் கதையைச் சொல்கிறார்கள், பிள்ளைகள் தலையாட்டுகிறார்கள், நேரம் முடிந்துவிடுகிறது. அந்தப் பிள்ளைகளுக்குத் தேவை எங்கள் கதை இல்லை. விண்ணப்பக் கடிதத்தை வாசித்துத் திருத்த ஒருவர் வேண்டும், பயிற்சிக்கு எந்த நிறுவனத்தில் ஆரைக் கேட்பது என்று தெரிய வேண்டும், பிறகு அவர்கள் பொறுப்பில் விட ஏதாவது வேலை வேண்டும். முதல் இரண்டும் எங்களால் இலகுவாக முடியும். மூன்றாவதுதான் கடினம், ஏனென்றால் விட்டுவிட்டுப் பேசாமல் இருக்க வேண்டும்.

என் சோடி முதல் நாளே "அன்ரி, படிச்சு முடிச்சு என்ன செய்யிறதெண்டே தெரியேல்லை" என்றாள். எனக்கு வாய் வரை ஒரு பிரசங்கம் வந்தது. அதை விழுங்கிவிட்டு, "உங்கட விடுதியில கணக்கு நல்லாச் செய்யிற ஆக்கள் எத்தினை பேர்?" என்று கேட்டேன். இப்போது அவளும் தோழிகளும் பக்கத்துக் கிராமத்துப் பிள்ளைகளுக்கு வார இறுதியில் கணிதம் சொல்லிக் கொடுக்கிறார்கள். பாடத்திட்டத்தை நான் அனுப்புகிறேன் என்றபோது, "வேண்டாம் அன்ரி, உங்கட காலத்துச் சிலபஸ் மாறீட்டுது, நாங்கள் போடுறம்" என்று வெட்டிவிட்டாள்.

அடுத்த கூட்டத்தை அவளே நடத்தப்போகிறாள். நிகழ்ச்சி நிரல் வந்துவிட்டது. பழைய மாணவர்கள் பேசுவதற்கு ஆளுக்கு மூன்று நிமிடம் ஒதுக்கியிருக்கிறாள். சங்கத் தலைவருக்கும் அதே மூன்றுதான். அவர் எனக்குத் தொலைபேசி எடுத்து முறைப்பட்டார், நான் அவளோடு கதையுங்கள் என்று சொல்லிவிட்டேன்.