ஏரிக்கரை மரக்கால் வீடு: கால் ஊன்றும் வேலை முடிந்தது

ஆல்ப்ஸ் மலையோர ஏரிக்கரைகளில் பழங்கால மக்கள் மரக்கால்கள் மேல் வீடு கட்டி வாழ்ந்தார்கள். சுவிட்சர்லாந்தின் ஆர்போனில் அப்படி இருந்த ஒரு வீட்டுக்குச் சிறிய மாதிரி செய்துவருகிறேன். அதற்குக் கால்கள் எல்லாம் ஊன்றியாகிவிட்டது. தளம், சுவர், கூரை இனிமேல்தான். ஆனாலும் இந்த மக்கள் ஏன் போயும் போயும் சேற்றில் வீடு கட்டினார்கள் என்ற என் பெரிய கேள்விக்குக் கால் ஊன்றும்போதே பதில் கிடைத்துவிட்டது.

ஆல்ப்ஸ் மலையைச் சுற்றியுள்ள ஏரிக்கரைகளில் ஏறத்தாழ கி.மு. 5000 முதல் கி.மு. 500 வரை மரக்கால்கள் மேல் வீடு கட்டி வாழ்ந்திருக்கிறார்கள். 1853-54 குளிர்காலத்தில் சூரிச் ஏரி வெகுவாக வற்ற, ஓபர்மைலனில் அந்தக் கால்கள் வெளியே தெரிந்தன. சுவிஸ் தொல்லியலாளர் ஃபெர்டினான்ட் கெல்லர் ஆராய்ந்து எழுதியபின் உலகமே திரும்பிப் பார்த்தது. நீர்நடுவே பெரிய மேடை, அதன் மேல் முழு ஊர் என்பது அவர் கருத்து. பிறகு நடந்த ஆய்வுகளில், பெரும்பாலான ஊர்கள் வெள்ளம் வந்து போகும் கரையோரத்தில் இருந்தன, வீடுகள் தனித்தனியே நின்றன என்று தெரிந்தது. ஆனால் இத்தாலியின் ஃபியாவேயில் ஒரு கட்டத்தில் வீடுகள் நீருக்குள்ளேயே நின்றிருக்கின்றன.

நான் எடுத்துக்கொண்டது சுவிட்சர்லாந்தில், கான்ஸ்டன்ஸ் ஏரிக்கரையில் உள்ள ஆர்போன் பிளைக்கே 3 என்ற அகழ்விடம். மர வளையங்களை எண்ணி, இங்கே முதல் வீட்டுக்கு மரம் வெட்டியது கி.மு. 3384 என்று ஆண்டோடு சொல்கிறார்கள். எழுத்தே இல்லாத ஒரு ஊருக்கு இப்படியொரு துல்லியம்! பதினைந்து ஆண்டு போல வாழ்ந்தார்கள், அப்புறம் ஊர் தீப்பிடித்து எரிந்தது. 27 வீடுகள் அகழ்வில் கிடைத்தன.

வீடு சுமார் 8 மீட்டர் நீளம், 4 மீட்டர் அகலம். 1:20 அளவில் எனக்கு 40 செ.மீ., 20 செ.மீ. அங்கே கால்களுக்குப் பெரும்பாலும் வெள்ளி ஃபிர் மரம். நான் நேரான சவுக்கு மிளாறுகளைச் சீவி முனை எடுத்தேன். ஏரியடியில் இருப்பது மாவு போன்ற சுண்ணாம்பு வண்டல் என்பதால், பெயின்ட் கடையில் சாக் பவுடர் வாங்கி, கொஞ்சம் களிமண் சேர்த்து, பிளாஸ்டிக் தொட்டியில் குழைத்து ஊறவிட்டேன்.

சுத்தியலால் தட்டினால் மிளாறின் தலை நார்நாராகப் பிரிகிறது, இறக்கமோ கொஞ்சம்தான். மரக்காலின் குறுக்கே ஒரு கட்டையைக் கட்டி, பலர் பிடித்து ஆட்டித் திருப்பியே இறக்கலாம் என்று இத்தகைய வீடுகளை நம் காலத்தில் மறுபடி கட்டிப் பார்த்தவர்கள் காட்டியிருக்கிறார்கள். அதையே செய்தேன். மோர் கடையும் மத்து மாதிரி இடமும் வலமுமாகத் திருப்பினால், குச்சியை ஒட்டி மெல்லிய நீர் வளையம் ஊறுகிறது, சேறு இளகுகிறது, குச்சி தன் பாட்டுக்கு இறங்குகிறது. விட்டுவிட்டு மறுநாள் இழுத்தால் தொட்டிதான் நகர்கிறது, குச்சி வரவில்லை. அவ்வளவு இறுக்கமாகச் சேறு பிடித்துக்கொள்கிறது.

அதாவது குழி தோண்ட வேண்டாம், அஸ்திவாரக் கல் வேண்டாம். கல் கோடரியால் வெட்டக்கூடிய பருமனில் மரமும் நாலைந்து பேரும் இருந்தால் வீட்டுக்குக் கால் தயார். சேறு அவர்களுக்குத் தொல்லை இல்லை, வசதி என்றே நினைக்கிறேன்.

சுமை ஏற்றினால் என்ன ஆகும்? தனியாக ஒரு கால் ஊன்றி, மேலே செங்கல்லைக் கட்டி வைத்துப் பார்த்தேன். மெல்ல மெல்ல இறங்கிக்கொண்டே போனது. வெண்கலக் கால ஊர்கள் சிலவற்றில் இதற்கு அழகான தீர்வு இருக்கிறது. துளையிட்ட பலகையில் காலைச் செருகி, பலகை சேற்றின் மேல் படியும்படி வைப்பார்கள். ஐஸ்கிரீம் குச்சியில் துளை போட்டு அப்படியே மாட்டினேன். செங்கல் அசையாமல் நின்றது.

கட்டுவதற்கு அவர்கள் லிண்டன் மரத்தின் உள்பட்டையை ஊறவைத்து நார் எடுத்தார்கள். எனக்குப் புளிச்சை நார். ஈரத்தோடு கட்டிய முடிச்சுகள் காய்ந்ததும் தளர்ந்தன, காய்ந்த கயிற்றில் கட்டி நீர் தெளித்தால் இறுகுகின்றன. ஆகவே தளத்துக் கட்டுகள் எல்லாம் காய்ந்த கயிற்றில்தான். அது முடிந்ததும் மிளாறு பின்னிக் களிமண் பூசிய சுவர்.