வண்டி ஒரு பக்கம் இழுக்கிறதா? வீட்டு வாசலிலேயே அலைன்மென்ட் பார்க்கும் முறை

பென்னாகரம், அஞ்செட்டி பக்கத்துக் குழிகளில் ஒரு மழைக்காலம் ஓடிய கார், ஏதாவது ஒரு பக்கம் இழுக்கத் தொடங்கிவிடும். உடனே அலைன்மென்ட் (சக்கரங்கள் நிற்கும் கோணம்) கெட்டது என்று முடிவு கட்டாதீர்கள். இழுப்புக்கு வேறு காரணங்கள் உண்டு, அவற்றைக் கழித்துவிட்டுத்தான் டை ராடில் (ஸ்டியரிங்கின் அசைவைச் சக்கரத்துக்குக் கொண்டுபோகும் கம்பி) ஸ்பேனர் வைக்க வேண்டும்.

காலையில் டயர் குளிர்ந்திருக்கும்போது காற்றைப் பாருங்கள். அளவு டிரைவர் கதவுத் தூணில் ஒட்டியிருக்கும். இடம் வலம் நாலைந்து பிஎஸ்ஐ வித்தியாசம் இருந்தாலே, குறைந்த பக்கம் இழுக்கும். காற்று சரியென்றால் முன் டயர் இரண்டையும் இடம் வலமாக மாற்றி ஓட்டுங்கள் (அம்புக்குறி போட்ட டயரை இப்படி மாற்றக் கூடாது). இழுப்பும் பக்கம் மாறினால் கோளாறு டயரில்தான். அடுத்தது பிரேக். அதிகம் பிரேக் பிடிக்காமல் ஐந்து கிலோமீட்டர் போய் நிறுத்தி, ரிம் பக்கத்தில் கையைக் கொண்டு போங்கள். ஒன்று மட்டும் அனலாக இருந்தால் அங்கே காலிப்பர் (பிரேக் பேடை அழுத்தும் பாகம்) விடாமல் பிடித்துக்கொண்டிருக்கிறது. இதைத் தொப்பூர் இறக்கம் முடித்த கையோடு பார்த்தால் பயனில்லை, எல்லாமே கொதிக்கும். ரோடே இடப்பக்கம் சரிந்திருந்தாலும் வண்டி லேசாக அங்கே நகரும், அது குறையல்ல. 80-க்கு மேல் ஸ்டியரிங் உதறுவது வீல் பேலன்சிங் சமாச்சாரம்.

அலைன்மென்ட் கெட்டதை டயர் பட்டனே (தரையில் படும் ரப்பர் கட்டைகள்) சொல்லும். உள்ளங்கையை டயரின் குறுக்கே வெளியிலிருந்து உள்ளே ஒருமுறை, உள்ளேயிருந்து வெளியே ஒருமுறை தடவுங்கள். ஒரு திசையில் வழவழவென்றும் எதிர்த்திசையில் அரம் போலவும் இருந்தால் டோ, அதாவது மேலிருந்து பார்க்கும்போது சக்கரம் உள்ளேயோ வெளியேயோ திரும்பியிருக்கும் அளவு, தவறியிருக்கிறது. வெளியே தடவும்போது அறுத்தால் டோ-இன் (சக்கரத்தின் முன்பக்கம் உள்ளே திரும்பியிருப்பது) அதிகம், உள்ளே தடவும்போது அறுத்தால் டோ-அவுட் (வெளியே திரும்பியிருப்பது). பட்டன் சொரசொரப்பில்லாமல் உள் ஓரம் மட்டும் மழுங்கியிருந்தால் கேம்பரைச் (முன்னிருந்து பார்க்கும்போது சக்கரம் சாய்ந்திருக்கும் அளவு) சந்தேகியுங்கள்.

பிறகு ஜாக்கி போட்டுத் தூக்கி, ஸ்டாண்ட் கொடுத்து, சக்கரத்தை ஆட்டிப் பாருங்கள். வெறும் ஜாக்கியை நம்பி அடியில் கை விடவே கூடாது. இடமும் வலமுமாகப் பிடித்து ஆட்டும்போது லொடக்கென்றால் டை ராட் எண்ட் அல்லது ரேக் எண்ட் (டை ராட் சக்கரத்தோடும், அதைத் தள்ளும் பல் தண்டான ரேக்கோடும் சேரும் மூட்டுகள்) போயிருக்கும். மேலும் கீழுமாக ஆட்டும்போது என்றால் வீல் பேரிங் அல்லது பால் ஜாயின்ட். லோயர் ஆர்ம் புஷ் (சக்கரத்தைத் தாங்கும் கீழ்க் கையின் ரப்பர்) கிழிந்திருக்கிறதா என்றும் டார்ச் அடித்துப் பாருங்கள். ஆட்டம் இருக்கும் வண்டிக்கு அலைன்மென்ட் செய்வது காசுக்கும் நேரத்துக்கும் கேடு. இன்று வைத்த அளவு நாளை நிற்காது.

அளக்க, நாலு சக்கரமும் சமமாக நிற்கும் தரை வேண்டும். தண்ணீர் டியூப் பிடித்தால் மட்டம் தெரிந்துவிடும். முன் சக்கரம் பக்கவாட்டில் நழுவவும் வேண்டும். கிருஷ்ணகிரிப் பக்கம் பாலிஷ் போட்ட கிரானைட் வெட்டுத் துண்டு கிடைக்கும். ஒரே அளவில் இரண்டை முகத்தோடு முகம் வைத்து, நடுவில் கிரீஸ் தடவி, தூக்கிய சக்கரத்தின் கீழ் நுழைத்து இறக்குங்கள். வண்டியை ஓட்டி ஏற்றினால் கல் உடையும். பின் சக்கரத்துக்கும் அதே கனத்தில் கல் கொடுத்து, ஹேண்ட்பிரேக் போட்டு, சக்கரம் உருளாமல் அண்டைக்கட்டை வையுங்கள். பானெட்டை நாலைந்து முறை அழுத்தி விட்டால் சஸ்பென்ஷன் பழைய உயரத்துக்கு வந்துவிடும். ஸ்டியரிங்கை நேராக வைத்து, கயிற்றால் சீட்டோடு கட்டுங்கள்.

வண்டியை விட அகலமான இரண்டு ஜிஐ பைப்பில் ஒரே இடைவெளியில் கோடு வெட்டி, முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று, சக்கர மையத்தின் உயரத்தில் வையுங்கள். கொத்தனார் நூலை அந்தக் கோடுகளில் இழுத்துக் கட்டினால் இரு பக்க நூலும் தானாகவே இணையாகிவிடும். முன் அச்சில் இடமும் வலமும் மையத்திலிருந்து நூலுக்கு ஒரே தூரம், பின் அச்சிலும் அப்படியே வரும்வரை பைப்பை நகர்த்துங்கள். முன்னும் பின்னும் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை. இப்போது இரும்பு ஸ்கேலால் ரிம்மின் முன் விளிம்பிலிருந்து நூலுக்கும், பின் விளிம்பிலிருந்து நூலுக்கும் அரை மில்லிமீட்டர் சுத்தமாக அளக்கவும். முன்பக்கத் தூரம் அதிகமென்றால் டோ-இன். குழியில் விழுந்த ரிம் கோணியிருக்கலாம், அதனால் சக்கரத்தை ஜாக்கியில் தூக்கி அரைச் சுற்று திருப்பி, மறுபடி கல்லில் இறக்கி, இன்னொருமுறை அளந்து சராசரி எடுப்பது நல்லது. 14 இன்ச் ரிம்மில் 1 மி.மீ. என்பது ஏறக்குறைய 10 நிமிடக் கோணம் (60 நிமிடம் ஒரு டிகிரி). உங்கள் வண்டிக்கான அளவு சர்வீஸ் மேனுவலில் இருக்கும், பக்கத்து வீட்டுக் கார் அளவு ஆகாது.

திருத்துவது சுலபம். முந்தின நாளே டை ராடின் லாக் நட்டில் துரு இளக்கும் எண்ணெய் விட்டு, பெயின்டால் ஒரு கோடு போட்டு வையுங்கள். ரேக்கின் முனையை மூடும் ரப்பர் பூட்டின் சின்ன கிளிப்பைத் தளர்த்தாமல் ராடைத் திருகினால் பூட் முறுக்கிக் கிழியும், பிறகு தூசி போய் ரேக்கே பாழ். பல சிறிய கார்களில் ரேக் முன் அச்சுக்குப் பின்னால் இருக்கும். அதில் ராட் நீண்டால் டோ-இன், குறைந்தால் டோ-அவுட். கால் சுற்றுக்கு ரிம்மில் சுமார் 1 மி.மீ. மாறும், ஆகவே கால் காலாகப் போங்கள். இந்த அமைப்பில், நேரே ஓடும்போது ஸ்டியரிங் இடப்பக்கம் சாய்ந்து நின்றால் இடது ராடைக் குறைத்து, வலது ராடை அதே அளவு நீட்டுங்கள். டோ மாறாது, ஸ்டியரிங் நேராகும். நட்டை முறுக்கும்போது ராடும் சேர்ந்து திரும்பிவிடும். முறுக்கிய பின் ஒருமுறை அளக்காமல் எழுந்திருக்காதீர்கள்.

கேம்பருக்குத் தூக்குகுண்டு போதும். ரிம்மின் மேல் விளிம்பு, கீழ் விளிம்பு இரண்டுக்கும் நூலிலிருந்து உள்ள தூர வித்தியாசத்தை இரு பக்கமும் ஒப்பிடுங்கள். இடத்துக்கும் வலத்துக்கும் 3 மி.மீ.க்கு மேல் வேறுபட்டால் ஸ்ட்ரட்டோ (ஷாக் அப்சார்பர் தூண்) ஆர்மோ வளைந்திருக்கலாம். அது மாற்ற வேண்டிய பாகம். தட்டி நிமிர்த்தவோ டோவில் சமாளிக்கவோ பார்க்க வேண்டாம்.

எல்லாம் சரியான பிறகும் அரமாகத் தேய்ந்த டயர் கொஞ்ச நாள் இரைந்துகொண்டுதான் இருக்கும், லேசாக இழுக்கவும் செய்யும். அதைக் கேட்டு மறுபடி ராடைத் தொடாமல், அந்த டயர்களைப் பின்னால் மாற்றிவிட்டு, முன்னால் வந்த டயரை 500 கிலோமீட்டர் கழித்துக் கையால் தடவிப் பாருங்கள்.