வண்டா, பறவையா? அரிமா பள்ளத்தாக்கில் ஐந்து காலைகள்

கரீபியன் தீவான டிரினிடாடின் வடக்கு மலைத்தொடரில், அரிமா பள்ளத்தாக்கில் தங்கியிருக்கிறேன். டஃப்டட் கொக்கெட் என்னும் ஓசனிச்சிட்டை (ஹம்மிங்பேர்ட்) யாரும் சுட்டிக்காட்டாமல் நானே இனங்காண வேண்டும் என்பது பல வருட ஆசை. நீளம் ஏழு சென்டிமீட்டருக்கும் குறைவு. எடை ஏறத்தாழ 2.3 கிராம்.

முதல் காலை சர்க்கரைத் தண்ணீர்க் குடுவைகளுக்கு எதிரே உட்கார்ந்து வீணானது. அங்கே பெரிய ஓசனிச்சிட்டுகள் ஒன்றையொன்று விரட்டிக்கொண்டிருந்தன. கொக்கெட் சண்டைக்கு நிற்காது. மற்றவை காவல் காக்கும் இடத்துக்குள் ஓசைப்படாமல் நுழைந்து, பூவுக்குப் பூ தேன் குடித்துவிட்டு நகர்ந்துவிடும்.

மறுநாள் சீமை நாயுருவிப் புதருக்கு இடம் மாறினேன். நம் ஊர்ச் சாலையோரங்களில் நிற்கும் அதே செடிதான். அதன் தாயகமே அமெரிக்க வெப்பமண்டலம். அரை மணி நேரத்தில் ஆண் வந்தது. செம்பழுப்புக் கொண்டை, கழுத்தின் இருபுறமும் விசிறிபோல் நீளும் செம்பழுப்பு இறகுகள், ஒவ்வொன்றின் நுனியிலும் பச்சைப் பொட்டு, சிவப்பு அலகின் முனையில் மட்டும் கறுப்பு. பைனாகுலரை இறக்க மனமே வரவில்லை.

ஆணை யாரும் கண்டுகொள்வார்கள். பெண்ணிடம்தான் கண்ணுக்கு வேலை. அதற்குக் கொண்டையும் இல்லை, விசிறியும் இல்லை. மூன்றாம் நாள் அதை வண்டு என்று நினைத்து இருமுறை விட்டுவிட்டேன். பறப்பதும் வண்டைப் போலத்தான்: நிதானமாக, ஒரே சீராக மிதந்து வரும். இப்போது முகத்தைத் தேடுவதை விட்டுவிட்டு முதுகைப் பார்க்கிறேன். வால் தொடங்கும் இடத்துக்குச் சற்று மேலே குறுக்காக ஒரு வெள்ளைப் பட்டை ஓடுகிறது. இத்தனை சிறிய உடலில் அந்தப் பட்டை தெரிந்தால் இங்கே வேறு சந்தேகம் வேண்டியதில்லை. ஆணுக்கும் அது உண்டு; விசிறியின் அழகில் லயித்து நான்தான் கவனிக்கவில்லை.

நேற்று இன்னொரு பாடம். பெண் என்று குறித்துவைத்த ஒன்றைப் படத்தில் பெரிதாக்கிப் பார்த்தேன். பெண்ணின் தொண்டை செம்பழுப்பு. இதன் தொண்டையோ வெளுப்பு, அதில் கடுகு சிதறியதுபோல் கரும்புள்ளிகள். இளம் ஆண்! குறிப்பேட்டில் திருத்தி எழுதினேன்.

இன்று காலை ஏழு மணிக்குள் ஆண் ஒன்று, பெண் இரண்டு. இரண்டாவது பெண்ணைக் கண்டது பைனாகுலர் இல்லாமல், வெறுங்கண்ணால், அந்த வெள்ளைப் பட்டையை வைத்தே.