ஆறு மாதம் கழித்துப் போய்ப் பார்த்தால்

பதினெட்டு வருடமாகச் சென்னையில் பழைய வீடுகளைத் திருத்திக் கொடுக்கிற வேலை பார்க்கிறேன். புதிதாகக் கட்டுவது இதைவிடச் சுலபம். காலி மனையில் யாரும் இன்னும் குடியிருக்கவில்லை. பழைய வீட்டிலோ, நாம் டேப்பை நீட்டுகிற இடத்தில் ஏற்கெனவே ஒருவர் உட்கார்ந்து பூண்டு உரித்துக்கொண்டிருப்பார்.

தொழிலுக்கு வந்த புதிதில் இதெல்லாம் எனக்கு உறைக்கவில்லை. வேளச்சேரியில் ஒரு அடுக்குமாடி வீட்டில் ஹாலுக்கும் சமையலறைக்கும் நடுவில் இருந்த தடுப்புச் சுவரை எடுத்துவிட்டு ஓப்பன் கிச்சன் போட்டுக் கொடுத்தேன். கிரானைட்டில் ஒரு கவுன்ட்டர், அதன் முன்னால் உயரமான இரண்டு ஸ்டூல். வளைத்து வளைத்துப் போட்டோ எடுத்துக்கொண்டேன். ஆறு மாதம் கழித்து ஒரு அலமாரிக் கதவின் கீல் சரியில்லை என்று கூப்பிட்டார்கள். போனால், நான் சுவரை எடுத்த இடத்தில் கெட்டியான பிளாஸ்டிக் திரை தொங்குகிறது. ஒரு ஸ்டூலில் பழைய செய்தித்தாள் கட்டு, இன்னொன்றில் அரிசிப் பை. வாரத்தில் நான்கு நாள் மீன் பொரிக்கிற வீடு அது. சிம்னி வைத்திருந்தேன்தான், ஆனால் அதன் குழாயை மூன்று இடத்தில் மடக்கி நீளமாகக் கொண்டுபோனதில் இழுவையே இல்லை. வாடை போய் சோபாத் துணியில் உட்கார்ந்துகொண்டது. அந்த அம்மா என்னைத் திட்டவில்லை. "நீங்க நல்லாத்தான் பண்ணிக் குடுத்தீங்க தம்பி. நாங்கதான் மீன் பொரிக்கிறோம்" என்றார். திட்டியிருந்தால் மறந்திருப்பேன்.

வீட்டில் நான் காபிக்கு மேல் எதுவும் போட்டதில்லை என்பதையும் இங்கே சொல்லிவிட வேண்டும்.

அதற்குப் பிறகு இரண்டு பழக்கம் வைத்துக்கொண்டேன். வரைபடத்தில் கை வைப்பதற்கு முன்னால் ஒரு நாள் காலை ஐந்தரை மணிக்கு அந்த வீட்டில் போய் உட்காருவது. வேலை முடிந்து ஆறு மாதம் கழித்து மறுபடி போய்ப் பார்ப்பது. முதலாவதற்குச் சிலர் சங்கடப்படுவார்கள். காபி கொடுத்தவுடன் நம்மை மறந்துவிடுவார்கள்.

இரண்டு வருடத்துக்கு முன்னால் மேற்கு மாம்பலத்தில் ஒரு வீடு. 1950களில் கட்டியது, மெட்ராஸ் டெரஸ். தேக்கு உத்திரங்களின் மேல் மெல்லிய சின்னச் செங்கற்களைக் குறுக்குச் சாய்வாக நிறுத்தி, சுண்ணாம்புச் சாந்தில் பதித்து, மேலே செங்கல் ஜல்லிச் சுண்ணாம்பைக் கொட்டி அடித்துத் தட்டோடு பாவிய கூரை. வெயில் காலத்தில் உள்ளே நுழைந்தால் வித்தியாசம் தெரியும். பெரியவருக்கு 78 வயது, முழங்கால் வலி. அவர் மனைவி, மகன், பள்ளி ஆசிரியையான மருமகள், ஏழாம் வகுப்புப் படிக்கிற பேத்தி. மகன் கைபேசியில் நாற்பது, ஐம்பது படங்கள் சேர்த்து வைத்திருந்தார். வெள்ளைச் சுவர், சாம்பல் நிற சோபா, ஃபால்ஸ் சீலிங், அதில் ஒளிந்திருக்கிற விளக்கு. ஒரு படத்தில்கூடத் துடைப்பம் இல்லை.

ஐந்தரை மணிக்குப் போய் உட்கார்ந்தேன். அமெரிக்க நேரத்துக்கு வேலை செய்கிற மகன் அப்போதுதான் லேப்டாப்பை மூடிவிட்டுப் படுக்கப் போனார். அவர் கதவைச் சாத்திய கொஞ்ச நேரத்தில் சமையலறையில் மிக்ஸி ஓட ஆரம்பித்தது. இரண்டுக்கும் ஒரே சுவர். நான்கு வருடமாக இப்படித்தானாம். விளக்கு எந்த நிறத்தில் எரிய வேண்டும் என்று என்னிடம் அரை மணி நேரம் பேசிய மனிதர், தூக்கத்தைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை.

அப்புறம் பெரியவர் எழுந்து வந்தார். கட்டிலிலிருந்து குளியலறை வரைக்கும் சுவரைத் தடவிக்கொண்டே போனார். அவர் போன பிறகுதான் கவனித்தேன். இடுப்பு உயரத்தில், சுண்ணாம்பு அடித்த சுவரில், உள்ளங்கை அகலத்துக்கு ஒரு பழுப்புக் கோடு. கதவு நிலை வருகிற இடத்தில் மட்டும் அது அழுத்தமாக, எண்ணெய் பிசுக்கோடு இருந்தது. அங்கேதான் நின்று மூச்சு வாங்குகிறார். மேஸ்திரியிடம், "இந்தக் கறையை இப்போ சுரண்டாதே, முதல்ல அளவெடு" என்றேன். தரையிலிருந்து 33 அங்குலம். வேலை முடியும்போது புதுத் தரையிலிருந்து அதே 33 அங்குலத்தில் ஒரு மரக் கைப்பிடி ஓடியது. கழற்றிப் போட்ட பழைய தேக்கு நிலையை அறுத்து இழைத்துச் செய்தது. நின்று மூச்சு வாங்குகிற இடத்தில் மட்டும் கொஞ்சம் பருமனாக விடச் சொன்னேன். ஆசாரி ஏன் என்று கேட்கவில்லை. அவர் வீட்டிலும் அப்பா இருக்கிறார்.

புதுத் தரை என்றேன் அல்லவா, பெரிய செலவே அதுதான். சென்னையில் பழைய தெருக்களில் இருப்பவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. தாருக்கு மேல் தார் போட்டுப் போட்டுத் தெரு ஏறிவிடும், வீடு இறங்கிவிடும். இந்த வீட்டுத் தரை தெருவைவிடப் பத்து அங்குலம் கீழே கிடந்தது. 2015 டிசம்பரில் உள்ளே முழங்கால் அளவுத் தண்ணீர். பதினாறு அங்குலம் ஏற்ற முடிவு செய்தோம். தரையை ஏற்றுவது என்றால் மண்ணைக் கொட்டி டைல்ஸ் போடுவது என்று நினைப்பவர்கள் உண்டு. ஆறரை அடி நிலை ஐந்தடிச் சொச்சம் ஆகிவிடும். எல்லா வாசலிலும் நிலைக்கு மேல் சுவரைத் தாங்குகிற லிண்டலை எடுத்து மேலே வைக்க வேண்டும். ஜன்னலின் அடிக்கட்டை கால்முட்டிக்கு வந்துவிடும். சுவிட்ச் போர்டு, குளியலறைக் குழாய், கழிவுநீர்ச் சரிவு எல்லாமே ஏற வேண்டும். பழைய காவித் தரை அடியில் போனது. பெரியம்மாவுக்கு அதில் வருத்தம், எனக்கும்தான். ஹாலில் ஆத்தங்குடிக் கல் பதித்தோம், அதில் ஓரளவு சமாதானமானார்.

கூரை பதினொன்றரை அடி உயரத்தில் இருந்ததால்தான் இதெல்லாம் முடிந்தது. ஃபால்ஸ் சீலிங் வேண்டாம் என்று நான் பிடிவாதமாகச் சொன்னதற்கு உயரம் மட்டும் காரணமில்லை. ஆசாரி ஒவ்வொரு உத்திரத்தையும் சுத்தியலால் தட்டிக்கொண்டே வந்தார். மழைச் சாரல் அடிக்கிற பக்கத்தில் இரண்டின் சத்தம் பொத்தென்று கேட்டது. சுவருக்குள் இருந்த நுனி மக்கிப்போயிருந்தது. மாற்றினோம். கீழே ஜிப்சம் பலகையை அடித்து மறைத்திருந்தால், கரையானோ கசிவோ தலையில் விழும்போதுதான் தெரியும். மகன் அரை மனதோடு ஒத்துக்கொண்டார்.

அவருடைய தூக்கத்துக்குச் செய்ததுதான் மொத்த வேலையிலேயே மலிவானது. எல்லாம் பாரம் தாங்குகிற சுவர்கள், இடிக்க முடியாது. அதனால் இடிக்காமல் அறைகளை மாற்றிப் போட்டேன். சமையலறைக்குப் பக்கத்து அறை ஸ்டோரும் பூஜையும் ஆனது. முன்பக்க அறை அவருக்கு. கனமான கதவு, அடியில் ரப்பர் பட்டை. மிக்ஸியும் கிரைண்டரும் கொல்லைப்புறத்துக்குப் போயின.

சமையல் மேடையில்தான் சண்டை வந்தது. பெரியம்மா 4 அடி 10 அங்குலம். மருமகள் 5 அடி 6. ஒரே மேடை 33 அங்குலத்தில் போட்டால் இருவருக்கும் சரியாக இருக்காது. அடுப்பின் மேல் பாத்திரம் ஏறினால் கிளறுகிற உயரம் மேடையைவிட அரையடிக்கு மேல் கூடிவிடும். சிங்க்கில் கை மேடையைவிட அவ்வளவு கீழே போகும். குழம்பைக் கிளறுவது பெரியம்மா, பாத்திரம் கழுவுவது பெரும்பாலும் மருமகள். அதனால் அடுப்பு மேடை 30, சிங்க் மேடை 35 என்று வரைந்தேன். "ஒரே மட்டமா ஓடினாத்தான் சார் கிரானைட்டுக்கு அழகு" என்று கல் போடுகிறவர் இரண்டு நாள் முணுமுணுத்தார். பெரியம்மா தரையில் உட்கார்ந்து அரிவாள்மனையில் காய் நறுக்குகிறவர், எழுந்திருக்கத்தான் சிரமம். கொல்லைக் கதவுக்குப் பக்கத்தில் பதினாறு அங்குல உயரத்தில் அகலமாக ஒரு திண்ணை கட்டினேன். காலை மடக்கி உட்கார்ந்து நறுக்கலாம், காலைத் தொங்கவிட்டு இறங்கலாம். இந்த வீட்டில் நான் மெச்சிக்கொண்டது அதைத்தான்.

மருமகளுக்கென்று ஹால் ஜன்னலோரம் ஒரு பலகையும் விளக்கும் போட்டேன், பரீட்சைத் தாள் திருத்த.

ஆறு மாதம் கழித்துப் போனேன். பெரியவர் கைப்பிடியில் துண்டு தொங்கியது. தேக்கு அதற்குள் கைபட்டுக் கறுக்க ஆரம்பித்திருந்தது. மகன் பகல் பதினொரு மணிக்கு நன்றாகத் தூங்கிக்கொண்டிருந்தார். திண்ணையில் பேத்தி புத்தகங்களைப் பரப்பி வைத்துப் படிக்கிறாளாம். பெரியம்மா டிவிக்கு எதிரே ஆத்தங்குடிக் கல்லில் உட்கார்ந்து அவரைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தார். "அங்க உக்காந்தா சீரியல் தெரியலையேப்பா" என்றார். காலை ஐந்தரைக்கு சீரியல் ஓடாது. மற்ற நேரத்தில் நான் அப்போது போய்ப் பார்க்கவில்லை.

மருமகள் தாள் திருத்துவது இப்போதும் கட்டிலில்தான். ஜன்னலோரப் பலகைக்கு மேலே, கிரில்லிலிருந்து விளக்குக்கு ஒரு நைலான் கயிறு கட்டி, பேத்தியின் யூனிஃபார்மை உலர்த்தியிருந்தார்கள். மழைக்காலத்தில் நல்ல காற்று வருகிற இடம் அது ஒன்றுதான். நான் அதைப் பார்ப்பதைக் கவனித்து மருமகள் அவசரமாகத் துணியை எடுக்க வந்தார். வேண்டாம் என்று சொல்லிவிட்டு டேப்பை எடுத்தேன். கயிறு தரையிலிருந்து ஐந்தரை அடி. மறுநாள் ஆசாரியை அனுப்பி, அதே இடத்தில் விளக்கைத் தள்ளி வைத்துவிட்டு, ஏற்றி இறக்குகிற மாதிரி ஒரு கொடி மாட்டிக் கொடுக்கச் சொன்னேன்.