நெட் பீட்டிக்குப் பன்னிரண்டு வரி

நெட் பீட்டி இறந்தது 2021 ஜூன் 13. கொரோனா இரண்டாம் அலையின் நேரம் அது. எங்கள் நாளிதழில் பக்கங்களைக் குறைத்திருந்தோம், அஞ்சலிப் படங்கள் மட்டும் குறையவில்லை. 83 வயதில் இயற்கையாக இறந்த ஓர் அமெரிக்கக் குணச்சித்திர நடிகருக்குச் சினிமா பக்கத்தின் அடியில் ஒற்றைப் பத்தியாகப் பன்னிரண்டு வரி கிடைத்ததே பெரிது. அந்தப் பன்னிரண்டில் மூன்றைத்தான் நான் வேண்டாம் என்று அடித்தேன்.

செய்தியை எழுதியவர் டெஸ்க்கில் சேர்ந்து ஓராண்டு ஆகியிருந்த பெண். ஏஜென்சிச் செய்தியை அப்படியே மொழிபெயர்த்துத் தள்ளாமல், அந்த நடிகரைப் பற்றித் தேடிப் படித்திருந்தார். அவருடைய முதல் மூன்று வரிகள் இவ்வளவுதான்: 1972இல் வெளிவந்த ‘டெலிவரன்ஸ்’தான் பீட்டியின் முதல் படம், அதில் ஆற்றில் படகு விடப்போன நான்கு நண்பர்களில் ஒருவராக வந்து, காட்டில் இரண்டு ஆண்களிடம் சிக்கிப் பாலியல் வன்கொடுமைக்கு ஆளாகும் பாத்திரத்தை ஏற்றார், பிறகு பல ஆண்டுகள், அந்தக் காட்சியின் வசனத்தைச் சொல்லித் தெருவில் போகிறவர்கள் அவரைக் கேலி செய்தார்கள்.

“இது வேண்டாம் அம்மா, காலையில் காபியோடு படிப்பார்கள்” என்றேன்.

“அவரே இதைப் பற்றிக் கட்டுரை எழுதியிருக்கிறார், சார்.”

உண்மைதான். 1989இல் நியூயார்க் டைம்ஸில் எழுதினார். ஆண்களும் இந்தக் கொடுமைக்கு அஞ்ச வேண்டியிருந்தால் எப்படி இருக்கும் என்பதுதான் தலைப்பின் சாரம். தன்னைப் பார்த்துக் கூச்சல் போடுகிறவர்களைப் பற்றிச் சொல்லிவிட்டு, அந்தக் கூச்சலுக்கும் தன் கோபத்துக்கும் நடுவில்தான் ஆண்கள் இதைப் பற்றி உள்ளுக்குள் என்ன நினைக்கிறார்கள் என்பது இருக்கிறது என்ற பொருளில் எழுதியிருந்தார். இதையெல்லாம் நான் படித்தது பிறகுதான். அன்று இரவு படிக்கவில்லை. படித்திருந்தால் மட்டும் அந்த வரிகளை விட்டிருப்பேனா என்று கேட்டால், தெரியாது.

“அவர் எழுதலாம், நாம் எழுத முடியாது” என்றேன். அது பதில் இல்லை என்று எனக்கே தெரிந்ததால் ஒன்று சேர்த்துக்கொண்டேன்: “150க்கும் மேற்பட்ட வேடங்கள் செய்த மனிதரை ஒரே காட்சியில் கட்டிப் போடுவது அவருக்குச் செய்கிற மரியாதையா?”

இந்த வாதத்தில் இன்றும் எனக்குக் கொஞ்சம் நம்பிக்கை உண்டு. கென்டக்கியின் லூயிவில்லில் பிறந்து, தேவாலயத்தில் பாடி, ஆண்டுக்கணக்கில் மேடையில் நடித்துவிட்டு 35 வயதில் சினிமாவுக்கு வந்தவர் பீட்டி. ‘சூப்பர்மேன்’ படத்தில் வில்லனுக்கு எடுபிடியாக ஒரு மண்டு. ‘ஹோமிசைட்’ தொலைக்காட்சித் தொடரில் களைத்துப்போன துப்பறிவாளர். ‘டாய் ஸ்டோரி 3’இல் ஸ்ட்ராபெர்ரி மணக்கும் கரடியின் குரல். அந்தக் குரலில் கனிவு எங்கே முடிகிறது, கொடுமை எங்கே தொடங்குகிறது என்று கண்டுபிடிக்க முடியாது.

ஆனால், அடித்த மூன்று வரிகளுக்குப் பதிலாக நான் என்ன வைத்தேன் என்பதையும் சொல்ல வேண்டும். 1976இல் வந்த ‘நெட்வொர்க்’. நீண்ட மேசை, இருபுறமும் வரிசையாகப் பச்சை விளக்குகள். தூரத்து முனையில் நிற்கும் பீட்டி, தொலைக்காட்சிச் செய்தி வாசிப்பாளராக நடிக்கும் பீட்டர் ஃபின்ச்சைப் பார்த்து உலகில் நாடுகள் என்று எதுவும் இல்லை, பணம் மட்டும்தான் என்று இடியாக முழங்குகிறார். முழக்கம் முடிந்ததும் குரல் சட்டென்று தணிந்து, பொருள் விற்க வந்தவரைப் போல இதமாகிவிடும். இந்த ஒரு காட்சிக்காக அவர் சிறந்த துணை நடிகருக்கான ஆஸ்கர் பரிந்துரை பெற்றார். ஒரே நாள் வேலை என்று அவரே சொல்லியிருக்கிறார். விருதை வாங்கியவர் ‘ஆல் தி பிரசிடென்ட்ஸ் மென்’ படத்தின் ஜேசன் ரோபார்ட்ஸ். அந்தப் படத்திலும் பீட்டி ஒரு சிறு வேடத்தில் இருக்கிறார் என்பது இந்தத் தொழிலின் குசும்பு.

ஆக, ஒரு காட்சியில் கட்டிப் போடக் கூடாது என்று சொன்ன நான், அவிழ்த்து வேறொரு காட்சியில் கட்டினேன். படத்துக்கு ‘சூப்பர்மேன்’ ஸ்டில்லை எடுத்துக் கொடுத்தேன். அதுதான் வாசகருக்குத் தெரியும் என்பது என் கணக்கு. அந்தப் பெண் இதில் எதற்கும் மறுப்புச் சொல்லவில்லை. மூன்று வரிகளை அவரே நீக்கி, புதிய மூன்றைத் தட்டச்சு செய்தார். பக்கத்தை அனுப்புவதற்கு முன்னால், திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் கேட்டார்:

“பெண்ணுக்கு நடந்தால் காபியோடு படிக்கலாமா, சார்?”

“பக்கம் போகிறது அம்மா” என்றேன்.

பக்கம் போய்க்கொண்டுதான் இருந்தது, அதில் பொய் இல்லை. அச்சகத்திலிருந்து இரண்டு முறை போன் வந்துவிட்டது. ஐந்து நிமிடம் தாமதித்திருந்தால் வெளியூர் வண்டி காத்திருந்திருக்கும். இந்தக் காரணங்களை எனக்கு நானே எத்தனையோ தடவை சொல்லிப் பார்த்துவிட்டேன்.

அடுத்த நாள் காலையில் வீட்டில் பேப்பரைப் பிரித்தேன். சினிமா பக்கத்தில் பீட்டி அடியில் அடக்கமாக இருந்தார். புரட்டிக்கொண்டே ஐந்தாம் பக்கத்துக்கு வந்தேன். பதினான்கு வயதுச் சிறுமி ஒருத்தியின் செய்தி, இரண்டு பத்தித் தலைப்போடு. எந்த ஊர், என்ன வயது, எத்தனை பேர், உறவினர் யார் என்று எல்லாம் தலைப்பிலேயே தெரிந்தது. அந்தத் தலைப்பை முந்தைய இரவு எட்டரை மணிக்கு வைத்தவன் நான். அப்போது எனக்குக் காபி நினைவுக்கு வரவில்லை. தலைப்பில் ஒரு எழுத்து மிஞ்சியதால் சொல்லை மாற்றினேன் என்பதுதான் நினைவில் இருக்கிறது.

அது செய்தி, இது சினிமா என்று அவரிடம் சொல்லியிருக்கலாம். அந்த நேரத்தில் தோன்றவில்லை. பிறகு தோன்றியது; ஒரு மாதம் அதைத் தயாராக வைத்துக்கொண்டிருந்தேன், அவர் மறுபடியும் கேட்டால் சொல்வதற்கு. அவர் கேட்கவில்லை. அவர் எழுதிய முதல் பிரதி கணினியில் இன்னும் கிடக்கிறது. அதில் மூன்றாவது வரியில் ஓர் ஒற்றுப்பிழை இருக்கிறது. திறக்கும்போதெல்லாம் என் கை முதலில் அதைத்தான் திருத்தப் போகிறது.